சூரியப் பாய்க்கு எது சரியான ஜோடி?

1976, 77 வாக்கில் அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் ஒரு போட்டி நடந்தது. 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வரப்போகிறது. சும்மா பக்கத்தில் கடந்துபோய்ப் படம் எடுத்தால் போதாது, கூடவே சேர்ந்து பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஹாலி கோள்களுக்கு எதிர்த்திசையில் சூரியனைச் சுற்றுவது, அதனால் அதோடு சேர நினைக்கும் கலம் தன் ஓட்டத்தையே திருப்பிப் போட்டாக வேண்டும், ரசாயன ராக்கெட்டை நம்பி அதில் இறங்கவே முடியாது. லூயிஸ் ஃபிரீட்மன் குழு சூரியப் பாயை முன்வைத்தது, அதாவது சூரிய ஒளியின் அழுத்தமே தள்ளும்படி விரித்த மெல்லிய, பெரிய பளபளப்பான படலம். முதலில் பக்கத்துக்கு 800 மீட்டர் உள்ள சதுரப் பாய், அப்புறம் ஹெலிகாப்டர் இறக்கை மாதிரி சுழலும் 12 பட்டைகள், ஒவ்வொன்றும் 7 கி.மீ.-க்கு மேல் நீளம். எதிரே நின்றது அயனி எஞ்சின், மின்சாரத்தால் மின்னூட்டம் பெற்ற அணுக்களை (அயனிகளை) அதிவேகமாகப் பின்னால் வீசித் தள்ளும் எஞ்சின். கடைசியில் அயனியைத் தேர்ந்தெடுத்தார்கள், கொஞ்ச நாளில் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்றுதான்: இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். பாயா, அயனியா என்று. பாயின் பலவீனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பலவற்றை அயனி எஞ்சின் நிரப்புகிறது. அயனியின் பெரிய பலவீனத்தைப் பாய் நிரப்புகிறது. அதனால் ஒரே கலத்தில் பாயோடு எதைச் சேர்த்தால் உண்மையிலேயே லாபம், எதைச் சேர்த்தால் வெறும் சுமை என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணக்குக்கு ஒரு கலத்தை வைத்துக்கொள்வோம். மொத்த எடை 100 கிலோ, பாயின் பரப்பு 400 சதுர மீட்டர். பூமி இருக்கும் தூரத்தில், அதாவது ஒரு வானியல் அலகில், நல்ல கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் பரப்பில் சதுர மீட்டருக்கு 9 மைக்ரோநியூட்டன் அழுத்தம் விழும். 400 சதுர மீட்டருக்கு 3.6 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் ஒரு அரிசி மணி ஏறக்குறைய கால் மில்லிநியூட்டன் எடையோடு உட்கார்ந்திருக்கும், அப்படிப் பத்துப் பதினைந்து அரிசி வைத்தால் வரும் அழுத்தம்தான் இது. ஆனால் இரவு பகல் இல்லாமல் தள்ளுகிறது: ஒரு நாளில் நொடிக்கு 3 மீட்டர், ஒரு வருடத்தில் நொடிக்கு 1.1 கி.மீ. வேகம் சேரும். ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவில்லை. ஜப்பானின் இகாரோஸ் 2010-ல் சுமார் 200 சதுர மீட்டர் பாயை விரித்து 1.12 மில்லிநியூட்டன் விசையை அளந்தே காட்டியது, ஆக இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை.

இனி பாயால் முடியாதவை. சூரியனை நோக்கி அது ஒருபோதும் தள்ளாது, பாயை எப்படிச் சாய்த்தாலும் விசை சூரியனை விட்டு விலகும் பக்கத்தில்தான் இருக்கும். சுற்றுப்பாதையைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ பக்கவாட்டில் தள்ள வேண்டும், அதற்குப் பாயைச் சுமார் 35 டிகிரி சாய்த்தால்தான் அதிகபட்சம் கிடைக்கும், அந்த அதிகபட்சமும் முழு விசையில் 38 சதவீதம்தான். ஆக நான் மேலே சொன்ன 1.1 கி.மீ. என்பது, உண்மையில் பயன்படும் திசையில் 0.43 ஆகச் சுருங்கிவிடுகிறது. அவசரத்துக்கு உதவாது. சூரியனை விட்டு விலக விலக விசை தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும், வியாழன் தூரத்தில் 27-ல் ஒரு பங்கு. கோளுக்கு மிக அருகில் வளிமண்டல இழுவை பாயை ஜெயித்துவிடும். 2019-ல் 720 கி.மீ. உயரத்தில் பறந்த லைட்செயில் 2 தன் பாதையின் உச்சியை முதலில் 1.7 கி.மீ. உயர்த்திக் காட்டியது, ஆனாலும் இழுவை அதை விடவில்லை, 2022 நவம்பரில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது.

இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஜோடி தேட வேண்டும். எது அதிகப் பலம் உள்ளது என்று தேடினால் தவறான இடத்துக்குப் போய்விடுவோம்.

முதலில் ரசாயன ராக்கெட். பாயோடு இது ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது, ஏனென்றால் எந்தப் பாயும் ராக்கெட் இல்லாமல் மேலே போகாது. கேள்வி, கலத்துக்குள்ளேயே தனியாக ஒரு ரசாயன எஞ்சின் வேண்டுமா என்பது. நம் 100 கிலோ கலத்தை, பூமி சுழலும் அதே நேரத்தில் கலம் ஒரு சுற்றை முடிக்கும் புவிநிலைப் பாதையின் உயரத்தில் விட்டால், பாயை மட்டும் வைத்துச் சுருள் சுருளாக ஏறிப் பூமியின் பிடியிலிருந்து விடுபட என் கணக்கில் எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் பாய் தப்பான பக்கத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் அதை ஒளிக்கு விளிம்பு காட்டி ஓரமாகத் திருப்பி வைக்க வேண்டியதுதான். அதே வேலையை ரசாயன எஞ்சின் ஒரே உதையில் முடிக்கும், விலை சுமார் 53 கிலோ எரிபொருள், தொட்டியும் குழாயும் தனி. நூறு கிலோ கலத்துக்கு இது சின்னச் சுமை இல்லை, ஆனால் எட்டு வருடக் காத்திருப்பும் சின்ன விஷயம் இல்லை. என் முடிவு: ஏவும் ராக்கெட்டே நேராக விடுபடும் பாதையில் விட்டுவிடுமானால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், இகாரோஸ், ஜப்பானின் வெள்ளி ஆய்வுக்கலமான அகாட்சுகியோடு சேர்ந்து வெள்ளிக்குப் போகும் பாதையில் ஏறிக்கொண்டதுபோல. முடியாவிட்டால் ரசாயன எஞ்சினைத் தனி அடுக்காக வைத்து, வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகே பாயை விரிக்க வேண்டும். விரித்த பாயோடு ரசாயன எஞ்சினைப் பற்றவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை: மைக்ரான் கணக்கில் தடிமன் உள்ள படலமும், அதைத் தாங்கும் மெல்லிய நீண்ட கைகளும் அந்த அதிர்ச்சியைத் தாங்குவது கஷ்டம். ஆக இது முன்னாலும் பின்னாலும் வரும் ஜோடி, ஒரே நேரத்தில் உழைக்கும் ஜோடி இல்லை.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது, அயனி எஞ்சின். கலத்தில் 300 வாட் மின்சாரம் இருக்கிறது, எரிபொருளாக வைத்திருக்கும் செனான் வாயுவின் அயனிகள் நொடிக்கு 25 கி.மீ. வேகத்தில் வெளியேறுகின்றன, பாதி மின்சாரம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் 12 மில்லிநியூட்டன் விசை கிடைக்கும். பாயைவிட மூன்று மடங்குக்கு மேல், அதுவும் விரும்பிய எந்தத் திசையிலும், சூரியனை நோக்கியும்கூட. செலவு: நாளைக்கு 41 கிராம் செனான், ஓயாமல் ஓடினால் வருடத்துக்கு 15 கிலோ. அந்தச் செனான் தீர்ந்த நாளில் எஞ்சின் வெறும் இரும்பு. பாய் அன்றைக்கும் தள்ளிக்கொண்டிருக்கும்.

இப்போது தூரத்தை மாற்றிப் பாருங்கள், படம் தலைகீழாகிறது. சூரியனுக்கு அருகே போகப் போகப் பாயின் விசை ஏறுகிறது. அயனி எஞ்சினோ 12 மில்லிநியூட்டனுக்கு மேல் போகாதபடி கட்டப்பட்ட எஞ்சின். ஏறக்குறைய 0.55 வானியல் அலகில் இரண்டும் சமம். புதன் இருக்கும் 0.39-ல் பாய் 24 மில்லிநியூட்டன் தள்ளும், அயனியைப்போல் இரண்டு மடங்கு. அதனால் உள்பக்கம் போகும் பயணத்தில் புறப்படும்போது அயனி முன்னால் நிற்கும், வழியில் பாய் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இந்த ஒப்படைப்புதான் இந்த ஜோடியின் அழகு.

வெளிப்பக்கம் போனால்? நேர்மையாகச் சொல்ல வேண்டும், சூரிய மின்சாரத்தில் ஓடும் அயனிக்கும் பாய்க்கும் அங்கே ஒரே நோய். 2 வானியல் அலகில் பாயின் விசை கால் பங்காகும்போது மின்சாரமும் கால் பங்காகிவிடும், 75 வாட்டில் அந்த எஞ்சின் பற்றுவதே சந்தேகம். இரண்டு நோயாளிகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு வைத்தியர் கிடைக்க மாட்டார்.

இங்கேதான் ஜப்பானியர்கள் ஒரு அருமையான யோசனை வைத்திருந்தார்கள். இகாரோஸின் பாயில் ஒரு சிறு பகுதியில் மெல்லிய படலச் சூரிய மின்கலங்களை ஒட்டிச் சோதித்தார்கள். அதை வளர்த்து, பக்கத்துக்கு 40 மீட்டர் உள்ள பாய் முழுக்க மின்கலம் பரப்பி, அந்த மின்சாரத்தில் அயனி எஞ்சினை ஓட்டி வியாழனின் பாதையிலேயே சூரியனைச் சுற்றும் ட்ரோஜன் சிறுகோள்களுக்குப் போவது என்பதுதான் ஒக்கியானோஸ் திட்டம். 2019-ல் அது தேர்வாகவில்லை, இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த அளவுள்ள ஒரு பாய்க்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,600 சதுர மீட்டர், வியாழன் தூரத்தில் ஒளி அழுத்தம் மொத்தம் அரை மில்லிநியூட்டன்தான் தரும். ஆனால் அதே துணியில் விழும் ஒளி அங்கேகூட 80 கிலோவாட். அதில் வெறும் 5 சதவீதம் மின்சாரமானாலும் 4 கிலோவாட். நொடிக்கு 60 கி.மீ. வேகத்தில் அயனியை வீசும் எஞ்சினுக்கு அதைக் கொடுத்தால், பாதி வீணானாலும், 65 மில்லிநியூட்டன். ஒரே துணி, ஒரே வெளிச்சம், நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்படியானால் வெளிச் சூரிய மண்டலத்தில் அது பாயா, விரித்துப்போட்ட மின்தகடா? மின்தகடுதான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பாய் கட்டுவதில் கற்ற வித்தை, அதாவது மெல்லிய படலத்தை மடிப்பது, விரிப்பது, சுழற்றி இறுக்கமாக வைப்பது, அங்கே வேறு வேலைக்குப் பயன்படுகிறது. பெரிய விஷயம்தான்.

பூமிக்கு அருகிலேயே இருக்க வேண்டிய வேலைகளிலும் இந்த ஜோடி பேசப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் காலின் மெக்கின்னஸும் சக ஆய்வாளர்களும், துருவத்துக்கு நேர் மேலே பல லட்சம் கி.மீ. தள்ளி நின்றபடியே பூமியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கலத்துக்குப் பாயையும் அயனியையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பாய் மட்டும் இருந்தால் விசையின் திசை ஒத்துவராது. அயனி மட்டும் இருந்தால் செனான் சீக்கிரம் தீரும். பாய் பெரும்பாரத்தைத் தாங்க, திசையில் வரும் மீதிக் குறையை மட்டும் அயனி சரிசெய்ய, ஒரே அளவு செனானில் கலம் கூடுதல் காலம் அங்கே நிற்கும். ஆனால் எல்லா வேலைக்கும் ஜோடி தேவை என்றும் இல்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, பூமியோடு சேர்ந்தே ஒரு கலம் சூரியனைச் சுற்றக்கூடிய இடமான முதல் லக்ராஞ்சிப் புள்ளிக்கும் அப்பால், இன்னும் சூரியன் பக்கமாக நின்று சூரியப் புயலுக்கு முன்னெச்சரிக்கை தர வேண்டும் என்றால், விலக்கும் விசை ஒன்றே போதும், பாயே அதைக் கொடுத்துவிடும்.

சேர்த்துக் கட்டுவதில் உள்ள தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். அயனிக் கற்றை நேர்கோடாகப் போகாது, கூம்புபோல் விரியும். பக்கவாட்டில் வீசினால் அதன் ஓரம் பாயை உரசும், மேலே பூசிய அலுமினியத்தை அணு அணுவாகத் தட்டியெடுக்கும். சூரியனை நோக்கித் தள்ளும் வேலைக்கு எஞ்சினைப் பாயின் நிழல் பக்கத்தில் வைத்து வெளிப்பக்கமாக வீசலாம், அது சுத்தமான ஏற்பாடு. மற்றத் திசைகளுக்கு இடம் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். அப்புறம் சாய்வுச் சண்டை: பாய் 35 டிகிரி சாயும்போது அதோடு ஒட்டிய மின்கலமும் சாய்கிறது, மின்சாரத்தில் 18 சதவீதம் போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது, பலரும் கண்டுகொள்ளாத ஒரு சென்டிமீட்டரைப் பற்றி. பாயில் ஒளி தள்ளும் மையமும் கலத்தின் எடை மையமும் ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால் போதும், நம் கலத்தில் ஒரு நாளைக்கு 3 நியூட்டன்-மீட்டர்-நொடி அளவுக்குச் சுழற்சி சேர்ந்துவிடும். இந்த அளவுக் கலத்தில் இருக்கும் சின்னச் சமநிலைச் சக்கரங்கள் (கலத்தைத் திருப்பவும் நிலையாக வைக்கவும் உள்ளே சுழல்பவை) அதை ஓரிரு நாளுக்குமேல் விழுங்க முடியாது. பூமிக்கு அருகில் காந்தப்புலத்தைப் பிடித்து அதைக் கழிக்கலாம், லைட்செயில் 2 அப்படித்தான் செய்தது, ஆழ்விண்வெளியில் அந்த வசதி கிடையாது. நாசாவின் நியா ஸ்கவுட் என்ற பாய்க்கலத்தில் எடை மையத்தையே நகர்த்தும் ஒரு தளமும் குளிர்வாயு உந்திகளும் வைத்திருந்தார்கள். 2022-ல் ஏவிய பிறகு அதோடு தொடர்பே கிடைக்காமல் போனது பெரிய இழப்பு. இகாரோஸ் பாயின் ஓரங்களில் திரவப் படிகப் பட்டைகளை வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு ஒளி திரும்ப வேண்டும் என்று மின்சாரத்தால் மாற்றித் தன் திசையைத் திருப்பியது. எந்த வழியானாலும் சரி, பாய் உள்ள கலத்துக்கு ஒரு சிறிய உதவி உந்தி கட்டாயம் வேண்டும் என்பது என் நிலை. அந்த உந்தியாக, திசை மாற்றக்கூடிய அயனி எஞ்சினே வேலை செய்தால் தனிச் செலவு மிச்சம்.

ஒளியும் அயனியும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, பாயே இல்லாத ஒரு கலம் எனக்கு மறக்க முடியாத சாட்சி. சிறுகோளுக்குப் போன ஜப்பானின் ஹயபுசா. 2005-ல் அதன் மூன்று சமநிலைச் சக்கரங்களில் இரண்டு பழுதாயின, இடோகாவா சிறுகோளைத் தொட்ட பிறகு ரசாயன எரிபொருள் கசிந்து அந்த உந்திகளும் போயின. மிச்சம் இருந்தவை ஒரே ஒரு சக்கரம், அயனி எஞ்சின்கள், செனான். செனானை அயனியாக்காமல் குளிர்வாயுவாகவே வெளியே ஊதியும், மின்தகடுகளில் விழும் சூரிய ஒளியின் அழுத்தத்தைத் திசை பிடிக்கும் கையாக்கியும், அயனி எஞ்சினால் தள்ளிக்கொண்டு, 2010 ஜூன் 13-ல் சிறுகோளின் மண் துகள்களைப் பூமியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். திட்டமிடாத அவசரத்தில் இந்த ஜோடி இவ்வளவு செய்ததென்றால், திட்டமிட்டுக் கட்டினால் எவ்வளவு செய்யும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் துள்ளுகிறது.

மற்ற ஜோடிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பின்லாந்தின் பெக்கா யான்ஹுனென் முன்வைத்த மின்பாய், நீண்ட மெல்லிய கம்பிகளுக்கு நேர்மின்னூட்டம் கொடுத்துச் சூரியக் காற்றின் புரோட்டான்களைத் தள்ளவிடுவது. அதன் விசை தூரத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது, தூரத்தின் வர்க்கத்துக்கு இல்லை, அதனால் வெளியே போகும்போது ஒளிப்பாயைவிட நீடிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 2013-ல் ஏவிய எஸ்டோனியாவின் சிறு செயற்கைக்கோள் எஸ்ட்க்யூப்-1-ல் கம்பி உருளையிலிருந்து பிரியவே இல்லை, அதோடு விரிக்க வேண்டிய இரண்டு பெரிய மெல்லிய பொருட்கள் ஒரே கலத்தில் என்பது சிக்கலை இரண்டு மடங்காக்கும். இன்றைக்கு நான் தேர்வு செய்ய மாட்டேன். சூரிய ஒளிக்குப் பதில் லேசரால் பாயைத் தள்ளுவது என்றால், ஒரு கிகாவாட் லேசர் முழுக்கப் பாயில் விழுந்தாலும் கிடைப்பது 6.7 நியூட்டன்தான், 2016-ல் அறிவித்த, சின்னச் சில்லுகளை லேசரால் பக்கத்து விண்மீனுக்கு அனுப்பும் பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம் 100 கிகாவாட் வரை கேட்டதற்குக் காரணம் அதுதான். கிராம் எடையில் உள்ள சில்லுக்கு அது பொருந்தும், 100 கிலோ கலத்துக்குப் பொருந்தாது. அணு உலை மின்சாரத்தோடு அயனி எஞ்சின் இருக்கிற கலத்துக்குப் பாய் தேவையே இல்லை.

சூரியனை ஒட்டிப் பாய்ந்து வெளியே எகிறுவது தனி வகை. பாதையின் மிக நெருக்கமான இடத்தில் பாயை விரித்து, ஒளி அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது வேகத்தை வாங்கிக்கொண்டு, வியாழன் தூரம் வந்ததும் பாயைக் கழற்றிவிடுவது. 0.25 வானியல் அலகில் ஒளி அழுத்தம் 16 மடங்கு. சூரிய மண்டலத்துக்கு வெளியே போக விரும்பும் எவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன், ஜோடியாக ஏவும் ராக்கெட்டும் ஒரு கோள் ஈர்ப்பு உதவியும் (கோளை ஒட்டிக் கடந்து அதன் ஈர்ப்பால் பாதையையும் வேகத்தையும் மாற்றிக்கொள்வது) போதும். படலம் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

சரி, பாயும் அயனியும் என்று முடிவான பிறகும் ஒரு முடிவு மிச்சம் இருக்கிறது: கையில் உள்ள கடைசி ஒரு கிலோவைச் செனானுக்குக் கொடுப்பதா, துணிக்குக் கொடுப்பதா? நம் கலத்தில் ஒரு கிலோ செனான் மொத்தம் நொடிக்கு 250 மீட்டர் வேகம் தரும், அதோடு முடிந்தது. பாயும் அதைத் தாங்கும் கைகளும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 25 கிராம் என்று வைத்தால், ஒரு கிலோவுக்கு 40 சதுர மீட்டர் கூடும், பயன்படும் திசையில் வருடத்துக்கு நொடிக்கு 44 மீட்டர். பூமியின் தூரத்திலேயே சுற்றும் கலத்தில் துணி செனானை எட்டிப்பிடிக்க ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும், ஆகவே மூன்று வருடப் பயணமென்றால் செனானை ஏற்றுங்கள், பத்து வருடமென்றால் துணியை. அரை வானியல் அலகில் அதே கணக்கு ஒன்றரை வருடத்துக்குள் சமனாகிவிடும். புதன் தூரத்தில் பத்து மாதம்தான், அங்கே வேலை செய்யும் கலத்துக்கு நான் செனான் தொட்டியைச் சின்னதாக்கிவிட்டு, வழியில் திசை திருப்பவும் சுழற்சியைக் கழிக்கவும் போதுமான அளவை மட்டும் வைத்து, மிச்ச எடை அத்தனையையும் பாய்க்கே கொடுப்பேன்.